கண்டிக்குத் தெற்கேயுள்ள மலைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஹந்தானை மலைத்தொடரிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்ட வரை நீளும் பிரதேசத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் கலஹாப் பகுதிப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். ஊர் வரலாறு என்றாலே 1867இல் தேயிலை நட்டதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன் இந்த மலைகளில் என்ன இருந்தது? (ஆசிரியை, கலஹா)

பதில்: தேயிலை வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைகள் அரச வரலாற்றின் நடுவில் இருந்தன. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் தலைநகரில் தங்காமல் பெரும்பாலும் நில்லம்பை அரண்மனையில் வாழ்ந்தான். இன்று கலஹாப் பாதையில் போகிறவர்கள் அந்தப் பெயரைப் பஸ்ஸின் பலகையில் மட்டுமே பார்க்கிறார்கள். 1664இன் இறுதியில் அங்கே நள்ளிரவில் அவனுக்கெதிராகக் கலகம் வெடித்தபோது, யானைகளை முன்னே விட்டுக் காட்டை மிதித்து வழி உண்டாக்கிக்கொண்டு அவன் மலையேறித் தப்பினான் என்று, அக்காலத்தில் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பியோடிய நொக்ஸ், தமது கடைசி ஆண்டுகளைக் கழித்த எலதெத்தையும் கண்டியின் புறத்தேயுள்ள கிராமம்தான். கலகத்துக்குப் பின் மன்னன் ஹங்குரன்கெத்தைக்கு இடம்பெயர்ந்தான். அதனால் ஹேவாஹெட்டவின் மேற்பகுதி சில காலம் நாட்டின் ஆட்சிமையமாகவே விளங்கியது.

ஆயினும் மாணவர்களுக்கு அரண்மனைக் கதையைவிட நில அமைப்பை விளக்குவதே பயன்தரும் என்பது நம் கருத்து. பள்ளத்தில் வயல், அதன் விளிம்பில் வீடும் பலா, கமுகு, மிளகு நிறைந்த தோட்டமும், அதற்கு மேல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி எரித்துக் குரக்கன் விதைக்கும் சேனை, அதற்கும் மேலே மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் பயன்பட்ட காடு என்று ஒவ்வொரு கிராமமும் மலைச்சரிவில் மேலிருந்து கீழ் வரை அடுக்கடுக்காக அமைந்திருந்தது. வயலுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் உரியவர் யார் என்பது தெளிவாக இருந்தது. சேனைக்கும் காட்டுக்கும் வழக்கமே உரிமையாக இருந்தது, எழுத்தில் ஏதும் இருக்கவில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாகி, 1840இல் முடிக்குரிய காணிகளில் அத்துமீறலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் வந்தபோது, உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் அரசுடைமையென அனுமானிக்கப்பட்டு, கோப்பித் தோட்டம் அமைக்க வந்த வெள்ளைத் துரைமாருக்கு ஏக்கர் ஒன்று 5 ஷில்லிங் வீதம் விற்கப்பட்டன. 1844இல்தான் அந்த விலை ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். இப்பிரதேசத்தின் பிற்கால வரலாறு முழுவதிலும் காணி கைமாறுவதும், அந்தக் காணியில் உழைப்பவரிடம் உறுதி இல்லாதிருப்பதும் மாறாமல் தொடர்வதால், தொடக்க ஆண்டாக 1867ஐவிட 1840ஐக் கரும்பலகையில் எழுதுவதே பொருத்தம்.

கேள்வி: இலங்கையின் முதல் தேயிலைச் செடி லூல்கந்துரவில் நடப்பட்டது என்பது உண்மையா? (உயர்தர மாணவர், பேராதனை)

பதில்: தெல்தோட்டைக்கு அருகிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் முதல் செடி நடப்பட்டதல்ல, முதல் வணிகத் தேயிலைத் தோட்டம் அங்கே உருவானது. பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குச் சீனத் தேயிலைச் செடி 1824இலேயே வந்துவிட்டது. 1839இல் அசாமிலிருந்து விதைகள் வந்தன. 1840களின் தொடக்கத்தில் புசல்லாவை றொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் குடும்பத்தார் சீனச் செடிகளை நட்டுப் பார்த்தார்கள். கோப்பி நல்ல விலை போன காலத்தில் இவை எதுவும் ஒரு பொருட்டாகக் கருதப்படவில்லை. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் இளைஞராக வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துரவின் ஏழாம் இலக்க மலையில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். கொழுந்தைப் பங்களா வராந்தாவில் மேசைமீது போட்டுக் கையாலேயே உருட்டி, களிமண் அடுப்பில் கரித்தணலின்மேல் தட்டுகளை வைத்து உலர்த்தினார். உருட்டும் இயந்திரத்தை அவரே அமைத்ததெல்லாம் 1870களின் தொடக்கத்தில்தான். 1873இல் லண்டனுக்குச் சென்ற லூல்கந்துரத் தேயிலை வெறும் 23 இறாத்தல்.

அவரது சோதனைக்கு உயிர் கொடுத்தது ஒரு நோய். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதலில் காணப்பட்ட கோப்பி இலைத் துரு, இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூளாகப் படிந்து, பின்னர் இலைகளையெல்லாம் உதிர்த்துச் செடியை மொட்டையாக்கியது. 1880இல் இங்கு வந்து அந்தப் பூஞ்சையை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வோர்ட், அதன் வாழ்க்கை வட்டத்தைத் துல்லியமாக விளக்கினாரே தவிர, அதை ஒழிக்கும் மருந்தைத் தர அவராலும் முடியவில்லை. இடைக்காலத்தில் பலர் நம்பியது சிங்கோனாவை. மருந்துப் பட்டைக்கான அந்த மரத்தையும் டெய்லர் பயிரிட்டார், ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டதால் விலை விழுந்தது. 1892இல் தமது 57ஆவது வயதில் வயிற்றுளைச்சலால் இறந்த டெய்லரின் கல்லறை கண்டி மஹியாவ மயானத்தில் இருக்கிறது. அதன் கல்வெட்டு அவரைத் தேயிலையோடு சிங்கோனாவுக்கும் முன்னோடி என்றே குறிப்பிடுகிறது. மலைப்பாதையில் அவரது உடலைச் சுமந்து நடந்த தொழிலாளர்களின் பெயர் ஒன்றேனும் எங்கும் பொறிக்கப்படவில்லை.

கேள்வி: ஹற்றனும் நாவலப்பிட்டியும் பெரிய நகரங்களாக வளர, அவற்றுக்கு முன்பே தோட்டங்கள் தோன்றிய கலஹாவும் தெல்தோட்டையும் ஏன் சிறு கடைவீதிகளாகவே நின்றுவிட்டன? (வர்த்தகர், தெல்தோட்டை)

பதில்: ரயில் பாதைதான் காரணம். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் டெய்லர் தேயிலை நட்ட அதே 1867இல்தான். ஆனால் மலையேறிய பிரதான பாதை பேராதனையில் பிரிந்து, கம்பளை வழியாக 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டியது. ஹேவாஹெட்ட மலைகள் அதற்குக் கிழக்கே ஒதுங்கிவிட்டன. முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் லொறியிலும் தேயிலைப் பெட்டிகள் நேரே கண்டிக்கு இறங்கியதால், இடையில் ஒரு சந்தை நகரம் உருவாகத் தேவையே ஏற்படவில்லை. சம்பளத்தன்று சாமான் வாங்கவும், வைத்தியசாலைக்கும், வழக்குக்கும், தீபாவளிப் புடவைக்கும் கண்டிக்கே போகும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. கண்டி அருகிலிருந்தது வாடிக்கையாளருக்கு வசதியாகவும் உங்களைப் போன்ற வர்த்தகர்களுக்கு இடைஞ்சலாகவும் அமைந்துவிட்டது.

கேள்வி: ஹேவாஹெட்ட கண்டி மாவட்டமா, நுவரெலியா மாவட்டமா? (கண்டி)

பதில்: இரண்டும்தான். பழைய பிரிவான ஹேவாஹெட்டவின் கீழ்ப்பகுதியான பாத்த ஹேவாஹெட்ட கண்டி மாவட்டத்திலும், மேற்பகுதியான உட ஹேவாஹெட்ட ஹங்குரன்கெத்தவுடன் சேர்ந்து நுவரெலியா மாவட்டத்திலும் அடங்குகின்றன. தோட்ட ஆவணங்களைத் தேடுவோர் இரண்டு கச்சேரிகளுக்கும் (மாவட்டச் செயலகங்களுக்கும்) அலைய நேரிடுவது இதனால்தான்.

கேள்வி: முல்லோயா கோவிந்தன் என்ற பெயரை மே தினக் கூட்டங்களில் கேட்கிறோம். என்ன நடந்தது என்பதை ஒருவரும் முழுமையாகச் சொல்வதில்லை. (தோட்டத் தொழிலாளர், ஹேவாஹெட்ட)

பதில்: உங்கள் ஊரிலேயே நடந்த சம்பவம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிகள் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு அழைத்துவந்த தொழிலாளிக்கு நீண்ட காலம் தன் உழைப்பின்மீதே உரிமை இருக்கவில்லை. கடன் தீர்ந்ததாகத் துரை எழுதித் தரும் ‘துண்டு’ இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் பெரிய கங்காணியைத் தாண்டித் துரையிடம் ஒரு முறைப்பாட்டைக் கொண்டுசெல்வதற்கு வழி அப்போதும் பிறக்கவில்லை. 1939 ஜூலையில் நேரு இலங்கை வந்திருந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. இடதுசாரிகளான லங்கா சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களில் தங்கள் சங்கத்தைக் கட்டினார்கள். ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரி நடந்த வேலைநிறுத்தம் சமசமாஜச் சங்கத்தின் தலைமையில் நடந்ததாகும்.

1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரையே முதல் தியாகியாக எண்ணுகிறது. விஷயம் தோட்டத்து எல்லைக்குள் அமுங்கிவிடவில்லை. விசாரணைக்கென ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன்முன் கோவிந்தனின் மனைவிக்காகக் சமசமாஜக் கட்சித் தலைவர்களில் ஒருவரும் வழக்கறிஞருமான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றிப் பொலிஸ் சாட்சிகளைக் குறுக்குவிசாரணை செய்தார். முல்லோயா தொடர்பான வழக்குகளைப் பொலிஸார் கையாளும் விதம் குறித்து ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் இடையே மூண்ட முறுகல், அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்குச் சென்றது. ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணம் கொழும்பின் ஆட்சிபீடத்தை அசைத்தது அதுவே முதற்தடவை என்று துணிந்து சொல்லலாம். அதே ஆண்டில் வேலைநிறுத்தங்கள் ஊவா வரை பரவின. ஜூன் மாதத்தில் கட்சித் தலைவர்களான கொல்வின், என்.எம்.பெரேரா, பிலிப் குணவர்தன ஆகியோர் கைதானார்கள். இறுதியில் அவர்கள் அடைக்கப்பட்டதும், 1942 ஏப்ரலில் தப்பிச் சென்றதும் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்துதான்.

முல்லோயாவை ஒரு கட்சியின் வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் (நாள் சம்பளக் கணக்கு) விழாது, பேர் விழாவிட்டால் மாத முடிவில் அரிசிக்கும் வழியில்லை, துரை நினைத்தால் குடியிருக்கும் லயக் காம்பராவும் (வரிசை வீட்டு அறையும்) போய்விடும் என்ற நிலையில் நின்றுபிடித்தவர்கள் அந்தத் தோட்டத்து ஆண்களும் பெண்களும்தான். கட்சி அவர்களுக்கு வழக்கறிஞரைக் கொண்டுவந்தது. துணிச்சல் அவர்களுடையதாகவே இருந்தது.

கேள்வி: எங்கள் பாட்டனார் காலத்தில் ஊர் நிறையச் சனம் இருந்ததாக அம்மா சொல்வார். இன்று கண்டியைச் சூழ்ந்த பல தோட்டங்களில் நம்மவர்கள் சில குடும்பங்களே எஞ்சியிருக்கிறார்கள். எங்கே போனார்கள்? (வாசகி, வவுனியா; பூர்வீகம் தெல்தோட்டை)

பதில்: உங்கள் முகவரியே பதிலில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

முதல் வெளியேற்றம் சட்டத்தின் வழியாக நடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது; 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று தீர்மானித்தது; மீதியாகக் கருதப்பட்ட 1,50,000 பேரை 1974இல் இன்னொரு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் வரிசையில் நின்று கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பங்கள், தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கின. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் மறுபடியும் கொழுந்துக் கூடையையே தோளில் மாட்டினார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமையும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்துப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம்.

இரண்டாவது வெளியேற்றத்தை உயர்நாட்டு மக்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். இது குறிப்பாகக் கண்டியைச் சூழ்ந்த மத்திய நாட்டின் துயரம். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கரை உச்சவரம்பாக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நுவரெலியா, ஹற்றன் பக்கத்துப் பெருங்கம்பனித் தோட்டங்களில் நிர்வாகம் கைமாறியதே தவிர உற்பத்தி ஓரளவு தொடர்ந்தது. ஆனால் கண்டிப் பகுதியின் தோட்டங்கள் பல அளவில் சிறியவை, தனியார் கையில் இருந்தவை, விளைச்சல் குறைந்தவை, சிங்களக் கிராமங்களோடு வேலியளவில் ஒட்டியவை. 1840இல் கிராமத்திடமிருந்து பறித்த காணியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது அரசியல்வாதிகளின் வாதமாக இருந்தது. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். எனினும் பறித்தவர்கள் துரைமாரும் அரசாங்கமும். அதற்கு விலை கொடுத்தவர்களோ நூறாண்டுக்கு மேலாக அந்த மண்ணில் உழைத்தும் ஒரு பேர்ச் காணிகூடப் பெறாத தொழிலாளர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிராமத்தவருக்கும், கூட்டுறவு அமைப்புகளுக்கும், அரசியல் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் பங்கிடப்பட்டன. பிரஜாவுரிமை இல்லாததால் தொழிலாளருக்கு அந்தப் பங்கீட்டில் இடமில்லை. பல இடங்களில் பிரட்டுக்கு (காலை வேலைப் பங்கீட்டுக்கு) ஆள் அழைப்பதே நின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன, கண்டி வீதிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் கையேந்தினார்கள்.

அப்போது தொடங்கிய வடக்கு நோக்கிய பயணம், 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் பெருகியது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களில் கணிசமானோர் இந்த மத்திய நாட்டுத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். போர் மூண்டபோது அவர்கள் அங்கும் நிலைத்திருக்க முடியவில்லை என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

கேள்வி: ஹந்தானைத் தேயிலை நூதனசாலையைப் பார்த்து வந்தோம். அங்கு முன்பு உண்மையிலேயே ஸ்டோர் இயங்கியதா? (மாத்தளை)

பதில்: ஆம். 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையே 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. தொழிலாளரைப் பற்றி அறிய விரும்பினால், அதே பாதையில் சற்று மேலேறி லயங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

கேள்வி: நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே இருந்தும் எங்கள் தோட்டப் பாதை ஏன் இத்தனை காலம் குண்டும் குழியுமாகக் கிடந்தது? வாக்கு மட்டும் கேட்டு வருகிறார்களே! (இளைஞர், ஹந்தானை)

பதில்: கோபம் நியாயமானது, அதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்துப் பாதை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்பது சபையின் பதில். நட்டத்தில் ஓடுகிறோம் என்பது நிர்வாகத்தின் பதில். நீங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர் விரும்பியிருந்தாலும் உங்கள் லயத்துக்கு ஒரு கல் போடச் சட்டம் இடமளிக்கவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே இன்று ‘சட்டம் இடமளிக்காது’ என்று எவராவது சொன்னால், திருத்தத்தைக் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்ததிலிருந்து நகரம் ஹந்தானையை நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கிறது. காட்சி அழகுக்காகச் சரிவுகளில் வீடுகளும் விடுதிகளும் எழுந்ததால், 2010இல் இம்மலைத்தொடரின் ஒரு பகுதி சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நீரூற்றுகளையும் சரிவுகளையும் காப்பது அவசியமே. ஆனால் காணியை விலைக்கு வாங்கி மாளிகை கட்டியவருக்கும், பாட்டன் காலத்து லயத்தில் ஒழுகும் கூரைத் தகட்டை மாற்ற அனுமதி கேட்பவருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது நீதியாகாது. தொழிலாளர் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியும் உறுதியும் என்ற கொள்கை ஏற்கப்பட்டுப் பல தோட்டங்களில் தனி வீடுகள் எழுந்துள்ளன. காணி விலை ஏறிய நகர்ப்புறத் தோட்டங்களில் அந்த 7 பேர்ச்சைப் பெறுவதற்கு இன்னும் கடுமையாகப் போராட வேண்டியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தின் வரலாற்றை நாங்களே எழுத விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்? (இளைஞர் மன்றம், கலஹா)

பதில்: துரைமார் பக்கத்துத் தகவல் எளிதில் கிடைக்கும்: ஃபெர்குசன் டிரெக்டரியின் பழைய தொகுதிகளில் தோட்டத்தின் பெயர், பரப்பு, பயிர், உரிமையாளர், துரையின் பெயர் எல்லாம் ஆண்டுவாரியாக இருக்கின்றன. கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அவற்றைப் பார்க்கலாம். தொழிலாளர் பக்கத்துத் தகவலுக்கு அலைய வேண்டும். தோட்டப் பாடசாலையின் சேர்விடாப்பு, பிறப்பு இறப்புப் பதிவுகள், கோயில் மணியிலும் படிக்கல்லிலும் பொறித்த உபயகாரர் பெயர்கள், இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதிய கடிதங்கள், வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கடவுச்சீட்டுப் பிரதிகள் ஆகியவற்றைப் படமெடுத்துச் சேருங்கள். மலைகளுக்கு நம்மவர்கள் வைத்த பெயர்களையும் வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தோட்ட வரைபடத்தில் அந்த மலைகளுக்கு இலக்கம் மட்டுமே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன், தோட்டக் காரியாலயத்திலுள்ள பழைய செக்ரோல்களைக் கேளுங்கள். யார், எந்த நாளில், எந்த மலையில், எத்தனை இறாத்தல் எடுத்தார், எத்தனை சதம் கழிக்கப்பட்டது என்பதை எழுதிவைத்த ஏடு அது ஒன்றுதான். காரியாலயம் மாறும்போதும் ஸ்டோர் மூடப்படும்போதும் முதலில் குப்பைக்குப் போவதும் அதுவே. தனியாளாகப் போய்க் கேட்டால் மறுப்பது சுலபம். ஆகவே கோயில் பரிபாலன சபையும் பாடசாலையும் உங்கள் மன்றத்தோடு சேர்ந்து ஒப்பமிட்ட கடிதமாக, முகாமையாளருக்குக் கொடுத்து அதன் பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள்.